யாரும் சமைக்காத அடுப்படி

நைனா,

சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாகிவிட்டது. நீயும் "சாப்ட்டேன்பா, குளிர்தான்பா" என்று சொல்லியாகிவிட்டது. நாம் இரண்டு பேரும் போனில் பேசுவதைப் பார்த்தால், ஷிப்டு மாறுகிற இரண்டு வாட்ச்மேன்கள் பேசிக்கொள்வது போல இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இப்போது நான் சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். நீ பதறிப்போய் என்னவோ ஏதோ என்று காதருக்குப் போன் போடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். விஷயம் இதுதான்: மாடி வீட்டில் ஆள் குடி வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்தது தப்பு என்று நீ நினைத்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எப்படி நடந்தது என்பதை முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நீ உன் நண்பர்களோடு போய்வந்த இந்திய கலாசார விழாவின் படங்களை அனுப்பியிருந்தாய் அல்லவா, அவற்றைக் காதரின் டீக்கடையில் வைத்துத்தான் பார்த்தோம். அட்டையில் செய்த கோபுரம், அதன் கீழே தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆடுகிற பஞ்சாபிப் பையன்கள், பேப்பர் தட்டில் தோசை. நீ பட்டு வேட்டி கட்டி, அதன்மேல் குளிருக்குத் தடிச் சட்டை போட்டு, கீழே பூட்ஸும் போட்டிருந்தாய். காதர் பார்த்துவிட்டு, "இன்னாபா, மாப்பிள்ள கல்யாணத்துக்குப் போறானா, மலை ஏறப் போறானா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலாவது படத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் தோளில் கைபோட்டுக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். நீ கடைசியில் நிற்கிறாய். உன் தோளில் யார் கையும் இல்லை. சிரிக்கிறாய், ஆனால் உதடு மட்டும்தான் சிரிக்கிறது. தெரிந்தவர் யாரும் இல்லாத கல்யாண மண்டபத்தில் உன் அம்மா அப்படித்தான் சிரிப்பாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் மங்கலாகிவிடுகிறது. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தீபாவளி அன்று நீ கூப்பிட்டு "என்னப்பா பண்ணின?" என்று கேட்டபோது, காதர் குடும்பத்தோடு வந்திருந்தான், வீடே அமர்க்களம் என்று சொன்னேன். பொய். காதர் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தான். நான் கடையில் வாங்கிய இட்லியைத் தின்றுவிட்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகள் வெடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் அந்த விழாவைப் பற்றி "சூப்பர்பா, செம ஜாலி" என்றாய். நான் சொன்ன அமர்க்களம் எவ்வளவு நிஜமோ, நீ சொன்ன ஜாலியும் அவ்வளவுதான் நிஜமாக இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

மாடி கட்டின கதை உனக்குத் தெரியும். உனக்கு வேலை கிடைத்த வருஷம், என் வருங்கால வைப்புநிதியைப் போட்டுக் கட்டியது. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த அடுப்படி மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவுக்கும் கொத்தனாருக்கும் இரண்டு நாள் சண்டை நடந்தது. வரப்போகிற மருமகள் உயரமாக இருந்தால் குனிந்து குனிந்து அவள் இடுப்பு போய்விடுமாம். கொத்தனார், "பொண்ணு பாத்துட்டு அப்புறமா மேடை கட்லாமா மா?" என்று கேட்டே கேட்டுவிட்டார். கடைசியில் அம்மா சொன்ன உயரத்தில்தான் கருப்புக் கல் பதித்தது. அடுப்பும் வாங்கி வைத்தாள். நீ வெளிநாட்டுக்குப் போனாய், பிறகு அம்மா போனாள், அடுப்பு அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. எட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மாடியைப் பெருக்கித் துடைத்துப் பூட்டுகிறேன். யாரும் நடக்காத தரையில் எப்படித்தான் தூசி சேருகிறதோ தெரியவில்லை.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ லீவில் வந்திருந்தாய். ஒரு நாள் காலையில் முன்னா என்று ஒருவன் வாசலில் வந்து நின்றான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டுகிறவன், பீகார்க்காரன். நான் அங்கே கிரேனுக்கு சிக்னல் காட்டுகிற வேலையில் இருந்ததால் ஆளைப் பார்த்த ஞாபகம் உண்டு. பின்னால் அவன் பெண்டாட்டி ரேகா, இடுப்பில் குழந்தை, கையில் ஒரு பை. "சார், மேல வூடு காலியா கீதுன்னு சொன்னாங்க" என்றான். மார்க்கெட்டில் கற்ற தமிழ், நம்மைப் போலவே பேசினான். காலி இல்லை, என் பிள்ளை வீடு என்றேன். "புள்ள எப்ப வர்றாரு சார்?" என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அது உனுக்கு இன்னாத்துக்கு? உங்க ஆளுங்களுக்கு வூடு வுட்டா ஒருத்தன் வருவான், பத்து பேரு படுப்பான். போ, போ" என்று கேட்டைச் சாத்தினேன். நீ விடுமுறைக்கு வந்திருந்தாயே தவிர, திரும்பி வந்துவிடவில்லை. எப்போது வருவாய் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோபத்தை அவன்மேல் கொட்டிவிட்டேன். திரும்பினால் மாடிப்படியில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

அன்றைக்கு நீ வெளியே போய்விட்டு, சோறு ஆறிப்போன பிறகுதான் சாப்பிட வந்தாய். எங்கே போனாய் என்று கேட்டதற்கு "சும்மா" என்றாய். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் அங்க போன புதுசுல மூணு மாசம் தோஸ்து ரூம்ல தரையில படுத்துகினு இருந்தேன்பா. வெளியூர்க்காரனுக்கு வூடு இல்லன்னுட்டாங்க. உன்கிட்ட சொல்லல" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அது வேற, இது வேற" என்றேன். நீ மோர் ஊற்றிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ இரண்டு தடவைதான் வந்தாய். அதில் ஒன்று அம்மா காரியத்துக்கு. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாலு வார்த்தைக்கும் உன் லீவுக்கும் சம்பந்தம் உண்டோ என்று யோசிக்க எனக்குத் தைரியம் வந்தது இப்போதுதான்.

இந்த வருஷம் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காதர் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"உன் மாடி சாவிய ரெண்டு நாளைக்குக் குடு."

"இன்னாத்துக்கு?"

"சாத்தாங்காட்டு முன்னா கீறான் இல்ல, அவன் பொண்டாட்டி நோம்பு இருக்குது. அவங்க ஊர் பண்டிக. சூரியனுக்குப் படைக்கிற பலகாரத்த வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் படாத எடத்துல செய்யணுமாம். அவங்க ஒரே ரூம்ல ஆறு பேரு கீறாங்க. 'யாரும் சமைக்காத அடுப்படி எங்கனா கெடைக்குமா பாய்'னு கேட்டான். எனக்கு உன் வூடுதான் ஞாபகம் வந்துச்சு."

காதர் அதை மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் என்னை யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. திருவொற்றியூர் முழுக்கத் தேடினாலும் யாரும் சமைக்காத அடுப்படி என் வீட்டில்தான் இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. நான் அதைப் பிள்ளைக்காக வைத்திருக்கிற வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்த காதர், "தப்பா சொல்லிட்டனா தோஸ்து?" என்றான். இல்லை, சரியாகத்தான் சொன்னாய் என்று சாமி படத்துக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ரேகா புதிதாக ஒரு மண் அடுப்பு கொண்டுவந்தாள். அம்மா வாங்கின அடுப்பை அவள் தொடவில்லை, மேடைமேலும் வைக்கவில்லை, தரையில் வைத்து விறகு மூட்டினாள். ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கோதுமை மாவில் வெல்லம் பிசைந்து நெய்யில் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலைக்குமேல் காலடிச் சத்தம். பாத்திரம் வைக்கிற சத்தம். அவர்கள் பெண் குழந்தை, அன்று இடுப்பில் இருந்ததுதான், இப்போது ஏழெட்டு வயது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது. வெல்லமும் நெய்யும் கலந்த வாசனை படியிறங்கி வந்தது. நான் டிவியை அணைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் முன்னா வந்து, "சாச்சா, நீங்களும் பாயும் எங்ககூட பீச்சுக்கு வர்றீங்களா?" என்றான். சாச்சா என்றால் அவர்கள் பாஷையில் சித்தப்பா. எனக்கு வேறு என்ன வேலை, போனேன்.

நம் கடற்கரைதான் உனக்குத் தெரியுமே. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டின பாறைகளுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் மணல். அப்படி ஒரு துண்டு மணலில் நாலைந்து குடும்பங்கள் கரும்பும் வாழைத்தாரும் முறத்தில் பழங்களுமாக வந்திருந்தார்கள். முன்னா கூடையைத் தலையில் சுமந்து வெறுங்காலோடு நடந்தான். ரேகாவுக்கு மூக்கு நுனியிலிருந்து வகிடு வரைக்கும் ஆரஞ்சு நிறக் குங்குமம். பெண்கள் முறத்தை ஏந்திக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்கள். இறங்கிவிட்டு எல்லோரும் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் நாள் பூசை மறைகிற சூரியனுக்காம். மறைகிற சூரியன் மேற்கே மணலி புகைபோக்கிகளுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது. அவர்கள் ஊரில் ஆற்றில் நின்று கும்பிட்டுப் பழக்கம், ஆறு பின்னால் வந்து அடிக்காது. ஐப்பசி மாதத்துக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் என்ன ஆகும் என்று நம் ஊரில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். "போன வருசம் ஒரு அலை மொறத்தோட இழுத்துகினு பூட்ச்சு சாச்சா. இவளும் வுழுந்துட்டா" என்றான் முன்னா. அவன் முன்னால் நின்று பால் ஊற்ற வேண்டும், அதனால் பின்னால் பார்க்க ஆளில்லை.

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி ஆழத்துக்குப் போனேன். காதரைக் கரையில் நிற்கச் சொன்னேன். நாற்பது வருஷம் நான் செய்த வேலை அதுதான். கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சரக்கு இறங்குகிற இடம் தெரியாது, என் கைதான் அவனுக்குக் கண். பெரிய அலை எழும்பினால் கையை மேலே தூக்கி முஷ்டி பிடிப்பேன், காதர் அதைப் பார்த்து இந்தியில் கத்துவான், பெண்கள் கால்களை ஊன்றி முறத்தை உயர்த்திக்கொள்வார்கள். அலை போனதும் கையை இறக்குவேன். அன்றைக்கு சூரியன் மறைந்ததை எல்லோரும் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. எனக்கு எதிரில் இருட்டிக்கொண்டு வருகிற கடலும், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்காக வெளியே காத்திருக்கிற கப்பல்களின் விளக்குகளும்தான். பின்னால் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் மனிதர்கள் இருந்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்தேன். அங்கே நின்றபோதுதான் உன் நாலாவது படம் மறுபடி ஞாபகம் வந்தது. அத்தனை பேர் நடுவில் நிற்கிறாயே, ஒரு அலை வந்தால் கத்திச் சொல்ல உனக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா? எனக்கு அது தெரியவில்லை. அப்பனாக இருந்துகொண்டு அதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது மறுபடி போனோம். இந்தத் தடவை உதிக்கிற சூரியன், அதனால் எல்லோரும் கடலைப் பார்த்து நின்றார்கள். அலை அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது, என் கைக்கு வேலையில்லை. ஓரமாக நின்றேன். மேகம் மூடியிருந்தது, வெகுநேரம் காத்திருந்தார்கள். கடைசியில் தண்ணீருக்குமேல் ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது. அப்போது ரேகா முன்னாவிடம் என்னவோ சொன்னாள். முன்னா என் பக்கம் திரும்பி, "சாச்சா, உங்க புள்ள பேரு இன்னா? பசங்களுக்காகத்தான் இந்த நோம்பு. அவரு பேரச் சொல்லியும் ஊத்தணுமாம்" என்றான். சொன்னேன். கடல் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க சாச்சா." நான் கத்தினேன். உன் பேரை அத்தனை சத்தமாகச் சொன்னேன், பாறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நைனா, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு வருஷமாகிறது தெரியுமா? போனில் 'ஹலோ'தான். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமானால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். ரேகா உன் பேரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பாலை ஊற்றினாள். நான் அழுதேன். கடல் தண்ணீர் தெறித்துவிட்டது என்று காதரிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை.

திரும்பி வரும்போது முன்னாவிடம் கேட்டேவிட்டேன். "ஒரு நாளு உன்ன வாசல்ல நிக்க வச்சு தொரத்தினேன். ஞாபகம் கீதா?"

"கீது சாச்சா" என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அன்னிக்கு உங்க புள்ள பின்னாலயே ஓடியாந்துச்சு. எங்கள ஆட்டோல ஏத்திகினு டோல்கேட்டுக்குப் போயி, நாலு வூடு ஏறி எறங்கி ஒரு ரூம் பாத்து குடுத்துட்டுத்தான் போச்சு. இன்னிக்குக் கடல்ல இவ அந்தப் பேரத்தான் கேட்டா. அன்னிக்குக் கேக்காம வுட்டுட்டோம்" என்றான்.

'சும்மா' என்றாயே. சோறு ஆறிவிட்டது என்று உன்னைத் திட்டினேன். நீ ஆறு வருஷமாக என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. நான் வெட்கப்படக்கூடாது என்று நினைத்தாயா, இல்லை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாயா? எதுவாக இருந்தாலும் எனக்கு வலிக்கிறது. என் பிள்ளை என்னைவிட நல்லவனாக இருக்கிறான் என்பதில் ஒரு அப்பனுக்குச் சந்தோஷம்தான் வர வேண்டும். வந்தது. கூடவே இந்த வலியும் வந்தது.

வீட்டுக்கு வந்து முன்னா சாவியை நீட்டினான். நான் வாங்கவில்லை. போன வாரம் சாமான்களோடு வந்துவிட்டார்கள். உன் கட்டிலைக் கீழே இறக்கி என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். உன் சர்டிபிகேட் பெட்டியும் கிரிக்கெட் மட்டையும் என் பீரோவுக்குமேல் இருக்கின்றன. அம்மா வாங்கின அடுப்பை ரேகாவே பெட்டியிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தாள். மேடை அவளுக்குச் சரியான உயரம். அம்மா ஜெயித்துவிட்டாள். மண் அடுப்பு வைத்த இடத்தில் சுவரெல்லாம் கரி. முன்னா வெள்ளையடித்துத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். உனக்காகக் கட்டினது, உனக்காகக் கட்டினது என்று சொல்லிச் சொல்லி, நீ வராத ஒவ்வொரு வருஷத்தையும் உனக்குக் குற்றமாக்கிவிட்டேன். இனி அந்த வீடு உனக்காகக் காத்திருக்கவில்லை. நான் மட்டும்தான் காத்திருக்கிறேன். எனக்கு அது பழகிவிட்டது, நீ அதற்காக அவசரப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் பொய் சொல்ல மாட்டேன். தனியாக இருந்தால் தனியாக இருந்தேன் என்றே சொல்வேன். நீயும் சொல். அந்த விழாவில் உன் பக்கத்தில் நின்றவர்கள் யார் யார், அதில் யாருக்கு உன்னை நிஜமாகத் தெரியும் என்று சொல். ஒருவருக்கும் தெரியாது என்றால் அதையும் சொல். இங்கிருந்து நான் என்ன செய்துவிட முடியும் என்று கேட்காதே. கடலில் நின்று நான் அலையைத் தடுக்கவில்லை, கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். அதற்கே அவர்கள் விழாமல் நின்றார்கள்.

அப்புறம், இந்த ஞாயிறு நான் போனை எடுத்து 'ஹலோ' சொல்ல மாட்டேன். உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். கடற்கரையில் பழகிய சத்தம், கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொள். "இன்னாபா" என்று கேள், போதும்.

அப்பா